பெரியவருக்குப் புது ஆர்கன்

"தேறாது மாமா" என்று சொல்லிவிட்டு மச்சினன் ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான்.

லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. பிழைக்காத நோயாளியாக இருந்தாலும் டாக்டர்கள் இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கையை விரிப்பார்கள். இவன் என்னடாவென்றால், பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்து, உள்ளே இருந்த தூசிக்குத் தும்மல் போட்டு, ஒரே வார்த்தையில் கதையை முடித்துவிட்டான். அக்காள் புருஷன் என்ற மரியாதைக்காவது கொஞ்சம் இழுத்துச் சொல்லியிருக்கலாம்.

"எதை வெச்சுத் தேறாதுங்கிற?"

"புது வெர்ஷனுக்கு என்னென்ன வேணும்னு அதைச் செஞ்சவங்களே போட்டிருக்காங்க. இந்த டப்பா அதுல பாதிக்குக்கூட வராது."

"டப்பான்னு சொல்லாதடா. பெரியவர்னு சொல்லு."

"சரி, பெரியவர் தேற மாட்டார். போதுமா?"

அந்த வீட்டில் கம்ப்யூட்டருக்குப் பெரியவர் என்று பெயர் விழுந்ததற்கு வயது மட்டும் காரணம் அல்ல, நடத்தையும்தான். பொத்தானை அமுக்கினால் உடனே எழுந்துவிட மாட்டார். முதலில் ஒரு கனைப்பு, பிறகு விசிறியின் பெருமூச்சு, அப்புறம் கறுப்புத் திரையில் ஏதோ முணுமுணுப்பு. "எழுந்துட்டாரா?" என்று முன்னறையிலிருந்து மனைவி கேட்பாள். "எழுந்துட்டார், இன்னும் முகம் கழுவலை" என்று மெக்கானிக் பதில் சொல்வார். விசிறிச் சத்தம் இசை வாசிப்புக்கு இடைஞ்சல் என்பதால் பெரியவரைச் சாமான் அறையில் குடிவைத்து, சுவரில் துளை போட்டு, ஒயர்களை முன்னறைக்கு இழுத்திருந்தார்.

முன்னறையில் இருந்தது ஆர்கன் என்ற வாத்தியம். நிஜ ஆர்கனில் நூற்றுக்கணக்கான குழாய்கள் நிற்கும். காற்று புகுந்தால் பாடும். ஒரே குரலில் பாடும் குழாய்களை ஒரு வரிசையாக்கி, வரிசைக்கு ஒரு குமிழ் வைத்திருப்பார்கள். அதற்கு ஸ்டாப் என்று பெயர். குமிழை வெளியே இழுத்தால் அந்த வரிசை பாடும். உள்ளே தள்ளினால் வாயை மூடிக்கொள்ளும். மெக்கானிக் வீட்டு ஆர்கனில் குழாய் ஒன்றுகூடக் கிடையாது. எங்கோ இருக்கும் ஓர் ஆர்கனைக் குழாய் குழாயாக ஒலிப்பதிவு செய்து மென்பொருளுக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். இங்கே கட்டையை அழுத்தினால், அங்கே பதிவான குரலைப் பெரியவர் தேடிப் பிடித்துக் கொடுப்பார்.

வாசிக்கும் பகுதி முழுக்க மெக்கானிக்கின் கைவேலை. யாரோ வேண்டாம் என்று ஒதுக்கிய இரண்டு கீபோர்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றியிருந்தார். காலால் வாசிக்கும் மரக்கட்டைகளைத் தானே இழைத்துப் பொருத்தியிருந்தார். ஸ்டாப்களுக்குக் குமிழ் கிடைக்கவில்லை. ஆனால் இடிக்கப்பட்ட ஒரு கட்டடத்தின் லிஃப்டிலிருந்து கழற்றிய மாடிப் பொத்தான்கள் இருந்தன. அவற்றையே பதித்துவிட்டார். அதனால் அந்த ஆர்கனில் புல்லாங்குழல் வேண்டுமென்றால் மூன்றாம் மாடியை அழுத்த வேண்டும். பொத்தான் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். தரைத்தளம் என்ற பொத்தானை அழுத்தினால் காலடியில் அடித்தொண்டைக் குரல் உறுமும்.

வாசிப்பவள் அவர் மனைவி. பகலில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தெருவில் எல்லோருக்கும் அவள் லேப் அக்கா. அழுதுகொண்டே வரும் குழந்தை "ஊசி எப்ப போடுவீங்க?" என்று கேட்கும்போது, "போட்டு முடிச்சு ரத்தமும் எடுத்தாச்சு, எழுந்து போ" என்பாள். அவ்வளவு மெல்லிய கை. அந்தக் கை சாயங்காலத்தில் கட்டைகளில் இறங்கும்போது மெக்கானிக் கதவோரம் நின்று பார்ப்பார். கைகள் இரண்டும் ஆளுக்கொரு வேலை பார்க்க, கால்கள் இரண்டும் தரையைப் பாராமலே கட்டை தேடிப் போக, முகம் மட்டும் யாரோ சொல்லும் நல்ல சேதியைக் கேட்பதுபோல் இருக்கும். லிஃப்டில் பன்னிரண்டு மாடிக்கும் ஒயர் கட்டத் தெரிந்த மனிதருக்கு, இது எப்படி முடிகிறது என்பது மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை.

இப்போது விஷயம் இதுதான். நகர மண்டபத்தில் ஒரு நிஜ ஆர்கன் இருந்தது. அதை வாசித்து வந்தவர் வேறு ஊருக்குப் போகிறார். அந்த இடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். மனைவி விண்ணப்பம் போட்டாள், தேர்வுக்கு அழைப்பும் வந்துவிட்டது. ஆனால் தேர்வு நாளுக்கு முன்னால் யாரும் அந்த ஆர்கனைத் தொட முடியாது. அவளோ நிஜ ஆர்கன் எதையுமே தொட்டதில்லை. ஒரே ஒரு வழி இருந்தது. அந்த மண்டபத்து ஆர்கனின் குரல்களை, மண்டபத்தின் எதிரொலியோடு சேர்த்து, ஆர்வலர்கள் சிலர் பதிவு செய்து வெளியிட்டிருந்தார்கள். வீட்டிலேயே பழகிக்கொண்டு போகலாம். ஆனால் அது மென்பொருளின் புது வெர்ஷனில்தான் ஓடும். புது வெர்ஷன் பெரியவரில் ஓடுமா என்பதுதான் கேள்வி.

"புதுக் கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கிட்டா என்ன மாமா? எதுக்கு இந்தப் பாடு?"

"கார்டை எங்கடா சொருகறது?"

மச்சினன் பெட்டிக்குள் மறுபடி டார்ச் அடித்துப் பார்த்தான். கட்டைகளையும் மாடிப் பொத்தான்களையும் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் கார்டு அந்தக் காலத்து நீளக் கார்டு. இப்போது வரும் கம்ப்யூட்டர்களில் அதற்கான பொந்தே கிடையாது. புதியது வாங்கினால் ஒயர் முழுவதையும் பிரித்து முதலிலிருந்து கட்ட வேண்டும். தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

கூடத்தில் உட்கார்ந்து வெள்ளைக் கோட்டின் பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்த மனைவி, நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னாள்: "முடியலைன்னா விடுங்க. அங்க போய்த் தொடும்போது தொட்டுக்கறேன்."

அந்த "விடுங்க" மெக்கானிக்கைக் குடைந்தது. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. பெட்டியைக் கட்டியவர் அவர். மற்றவர்கள் கேட்டால் மார்தட்டிக்கொண்டவரும் அவர்தான். அவள் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை பெரிய கதவு திறக்கும்போது, தான் கட்டிய பெட்டி காலை வாரிவிடுவதா?

"தேறும் தேறாதுங்கறது மாட்டிப் பார்த்த பிறகு" என்றார் மச்சினனிடம். "ஞாயித்துக்கிழமை வா."

மச்சினனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாய்தான் அப்படி, கை தங்கம். ஞாயிற்றுக்கிழமை காலை தன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையிலிருந்து ஒரு பை நிறைய மெமரி துண்டுகளோடு வந்து இறங்கினான். உடைப்புக்குப் போகும் பழைய கம்ப்யூட்டர்களிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சோதித்து எடுத்து வந்தவை.

"பெரியவரோட போர்டு எவ்வளவு தாங்குமோ அவ்வளவும் ஏத்திட்டேன். இதுக்கு மேல ஒரு பருக்கைகூட ஏறாது."

மெக்கானிக் ஒரு நிபந்தனை போட்டார். பழைய டிஸ்க்கை அப்படியே கழற்றி, உறையில் போட்டு, அலமாரியில் வைத்துவிட வேண்டும். வேறு டிஸ்க்கில்தான் எல்லாம். புதிது ஓடாவிட்டால் பழையதை மாட்டினால் முன்போலவே ஆர்கன் பாட வேண்டும்.

"ஏன் மாமா, என்மேல நம்பிக்கை இல்லையா?"

"லிஃப்டுல மேல ஏறும் முன்னாடி இறங்க வழி இருக்கான்னு பார்க்கறவன் நான். நம்பிக்கையெல்லாம் அப்புறம்."

பெரியவர் புது வெர்ஷனோடு எழுந்தார். கனைத்தார், முணுமுணுத்தார், முகம் கழுவினார். நீளக் கார்டை ஏற்றுக்கொள்வாரோ மாட்டாரோ என்று மச்சினன் நகத்தைக் கடித்தான். முன்னறையில் அக்காள் ஒரு கட்டையை அழுத்தினாள். சாமான் அறைத் திரையில் சின்னப் பச்சைப் புள்ளி மின்னியது. "ஏத்துக்கிட்டார்!" என்று அவன் போட்ட கூச்சலில், அன்று தேறாது என்று சொன்னவன் அவன்தான் என்பது அவனுக்கே மறந்துபோனது.

பிறகு மண்டபத்து ஆர்கனை ஏற்றினார்கள். திரையில் பட்டை நகர்ந்தது. பாதி தாண்டியது. முக்கால் தாண்டவில்லை. நினைவகம் போதவில்லை என்று ஒரு பெட்டி முளைத்தது. மறுபடி ஏற்றினார்கள்; மறுபடியும் அதே இடத்தில் முளைத்தது.

மச்சினன் அமைப்புகளைத் துழாவி ஒரு வழி கண்டுபிடித்தான். "எதிரொலியை வெட்டிட்டா சுமை பாதியாயிடும் மாமா. குரல் இருக்கும், வால் இருக்காது." வெட்டினான். ஆர்கன் ஏறிவிட்டது. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். மனைவி போய் உட்கார்ந்து நாலு வரி வாசித்தாள். நிறுத்திவிட்டாள்.

"என்னக்கா?"

"பீரோவுக்குள்ள உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்குடா."

"குரலெல்லாம் சரியாத்தானே வருது?"

"குரல் சரிதான். ஆனா அந்த மண்டபத்துல ஒரு சத்தம் போட்டா, அது போய்ச் சுவர்ல முட்டி, திரும்பி வந்து, உக்காரணும். அது உக்கார்ற வரைக்கும் அடுத்த சத்தத்தைப் போடக் கூடாது. போட்டா ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கூழாயிடும். அந்தப் பொறுமையைப் பழகத்தான் இதையே கேட்டேன். வாலை வெட்டிட்டுப் பழகினா, அங்க போய் நேரா சுவர்ல முட்டிக்குவேன்."

மச்சினன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "அப்ப இதுக்கு மேல என்கிட்ட வித்தை இல்லக்கா. முழுசா வேணும்னா ஏறாது. ஏறணும்னா முழுசா வராது." போகும்போது வாசலில் நின்று, "எட்டடி, பதினாறடி, முப்பத்திரண்டடின்னு குழாய் நீளத்தையே ஸ்டாப்புக்கெல்லாம் பேரா வெச்சிருக்காங்களே, இது வாத்தியமா, குழாய்க் கடையா?" என்று ஒரு வெடி வெடித்துப் பார்த்தான். அக்காள் சிரிக்கவில்லை. அவன் மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் மெக்கானிக் சாமான் அறைக்குள் நுழைந்தார். பகல் முழுக்க ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டில் நின்றவர் அவர். அதில் ஓர் ஆள் கூடுதலாக ஏறினால் மணி அடிக்கும், கதவு மூடாது. யாராவது ஒருவர் வழிந்த சிரிப்போடு இறங்குவார். உடனே லிஃப்ட் கிளம்பிவிடும். பெரியவருக்கும் மணிதானே அடிக்கிறது என்று அவருக்குத் தோன்றியிருந்தது. திரையைத் துழாவியதில், ஏற்றுவதற்கு முன்னால் வரும் ஒரு பக்கத்தில் ஸ்டாப் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு டிக் குறி இருப்பதைக் கண்டார். டிக்கை அழித்தால் அந்த வரிசை ஏறாது. முந்தைய நாள் இந்தப் பக்கத்தை யாரும் பார்க்கவில்லை. பழைய வெர்ஷனில் இருந்தது சின்ன ஆர்கன். எப்போதும் மொத்தமாகவே ஏறும். ஆர்கனைத் துண்டு போடலாம் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை.

முன்னறையில் மனைவி ஏற்கெனவே கட்டைகளின் முன் உட்கார்ந்திருந்தாள். வாலில்லாத ஆர்கனிலாவது விரல் பழகட்டும் என்ற எண்ணம் அவளுக்கு. புது ஆர்கனுக்கு மாடிப் பொத்தான்களை இன்னும் இணைக்கவில்லை. ஸ்டாப்களை உள்ளே திரையில் யாராவது போட்டுவிட வேண்டும்.

"சுமை ஜாஸ்தி! சில பேரை இறக்கணும்! எதையெல்லாம் எடுக்கட்டும்?" என்று மெக்கானிக் குரல் கொடுத்தார்.

விசிறிச் சத்தத்தில் கடைசி இரண்டு சொற்கள்தான் அவளுக்குப் போய்ச் சேர்ந்தன.

"எட்டடிப் புல்லாங்குழல் எடுங்க!"

மெக்கானிக் டிக்கை அழித்தார்.

"நாலடிப் புல்லாங்குழலும் எடுத்துடுங்க. சின்ன டயாபேசன் எடுங்க. தந்தி ரெண்டையும் எடுங்க. ஓபோ..." கொஞ்சம் யோசித்தாள். "ஓபோவும் எடுங்க. அது இல்லாம ஆகாது."

இல்லாமல் ஆகாதாம், அதையும் எடுக்கச் சொல்கிறாள். புல்லாங்குழல், டயாபேசன், தந்தி, ஓபோ என்று அவளுக்கு உயிரான மெல்லிய குரல்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் தன் வாயாலேயே வேண்டாம் என்கிறாளே, என்ன மனசு இவளுக்கு! ஒரு வார்த்தை முனகாமல், கடைக்கணக்கு ஒப்பிப்பதுபோல் ஒப்பிக்கிறாளே! கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லா டிக்கையும் அழித்தார். எதிரொலியை முழுதாகத் திரும்பவைத்தார். ஏற்றினார்.

பட்டை நகர்ந்தது. பாதி தாண்டியது. முக்கால் தாண்டியது. மணி அடிக்கவில்லை. கடைசிவரை போய்ச் சேர்ந்தது.

தியாகத்துக்குக் கைம்மாறாகக் கொஞ்சம் நன்றாகக் கேட்கட்டும் என்று, மிச்சம் இருந்த எல்லா ஸ்டாப்களையும் திரையில் இழுத்துவிட்டு, "எடுத்தாச்சு! வாசி!" என்றார்.

தேர்வுக்கு அவள் தேர்ந்தெடுத்திருந்த பாடல் மெதுவாகத் தொடங்குவது. தூங்கும் குழந்தையின் போர்வையைச் சரிசெய்வதுபோல் விரல் வைக்க வேண்டும். வைத்தாள்.

டிரம்பெட்கள் வெடித்தன. காலடியில் பதினாறடிக் குழாய்கள் உறுமின. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன, தெருமுனையில் ஒரு நாய் ஊளையிட்டது. மேல்வீட்டுக்காரர் "என்னங்க ஆச்சு, எதாவது விழுந்துடுச்சா?" என்று படியிறங்கி வந்துவிட்டார். மெக்கானிக் முன்னறைக்கு ஓடினார். மனைவி இரண்டு கைகளையும் காற்றில் தூக்கியபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

சத்தம் போய்விட்டிருந்தது. ஆனால் போகவில்லை. ஒரு பெரிய கூரைக்குக் கீழே அது நடந்துபோய், தூரத்துச் சுவரைத் தொட்டு, திரும்பி வந்து, மெல்ல மெல்ல உட்கார்ந்தது. அந்தச் சின்ன முன்னறையில், செருப்பு ஸ்டாண்டுக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் நடுவில், ஒரு மண்டபம் வந்து நின்றுவிட்டுப் போனது.

"ஏங்க" என்றாள் மனைவி, குரலே வராமல். "வால் இருக்கு."

"முழு வால். ஏறிடுச்சு."

"ஆனா நான் புல்லாங்குழலை எடுங்கன்னேனே?"

"எடுத்துட்டேனே."

"எங்க?"

"வெளியே."

"வெளியேதானே எடுக்கணும்? அப்புறம் ஏன் பாடலை?"

"வெளியே எடுத்தா எப்படிம்மா பாடும்?"

ஒருவரை ஒருவர் வெறித்துப் பார்த்தார்கள். ஸ்டாப்பை எடு என்றால் குமிழை இழு, பாடவை என்பது அவள் கணக்கு. ரத்தம் எடுப்பது என்றாலும் அவள் வேலையில் வெளியே கொண்டுவருவதுதானே? அவர் வேலையிலோ, பேனலை எடு என்றால் கழற்றித் தூரப் போடு என்று பொருள். இத்தனை வருஷமாக மாடிப் பொத்தான்களை அவளே அழுத்திக்கொண்டதால், அந்த ஒரு சொல் இரண்டு பேருக்கும் இரண்டு விதமாக இருக்கிறது என்பது தெரியவே வாய்ப்பு வரவில்லை.

முதலில் சிரித்தது மேல்வீட்டுக்காரர். அப்புறம் மனைவி சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை. "நான் தியாகம் பண்றேன்னு நினைச்சீங்களா?"

"அழுதுட்டேன்டி உள்ள."

உடனே மாற்றி ஏற்றிவிடுகிறேன் என்று அவர் திரும்பியபோது, அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இருங்க. இவங்களை நான் கேட்டதே இல்ல. கொஞ்ச நேரம் கேட்கறேன்." மேல்வீட்டுக்காரரைப் பார்த்து, "சத்தத்தைக் குறைச்சுக்கறேன்" என்றாள். அன்று இரவுச் சாப்பாட்டு நேரம்வரை அந்த முரட்டுக் குரல்களோடு பழகினாள். டிரம்பெட் சட்டென்று பாய்ந்து விடுகிறது. பதினாறடிக் குழாயோ மூச்சை இழுத்துவிட்டு, சற்றுத் தாமதித்துத்தான் வாயைத் திறக்கிறது. இரண்டும் ஒன்றாகக் கேட்க வேண்டுமென்றால் கால் கொஞ்சம் முன்னால் போக வேண்டும். ஒரு புது மனிதரின் குணத்தைத் தெரிந்துகொள்வதுபோல் தலையைச் சாய்த்து, திரும்பத் திரும்ப ஒரே கட்டையை அழுத்தி, அவள் அதைப் பிடித்துக்கொண்ட விதத்தை மெக்கானிக் வாசலில் நின்று பார்த்தார். இப்படி ஒரு காது ஓர் ஆளுக்கு இருக்க முடியுமா என்று நினைத்துக்கொண்டார்.

"பிரச்சனை தீர்ந்துது" என்றார் சாப்பிடும்போது. "ஒரே லிஃப்டுல எல்லாரும் ஏறலைன்னா என்ன பண்ணுவோம்? ரெண்டு ட்ரிப் அடிப்போம்."

அப்படியே செய்தார்கள். காலையில் முதல் ட்ரிப்: மெல்லிய குரல்கள் மட்டும், முழு எதிரொலியோடு. சாயங்காலம் அவற்றை இறக்கிவிட்டு இரண்டாவது ட்ரிப்: முரட்டுக் குரல்கள். பாடலின் முதல் பகுதி காலைக்கு, கடைசிப் பகுதி மாலைக்கு. சேதி கேள்விப்பட்டு ஓடிவந்த மச்சினன் டிக் குறிகளைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"இந்தப் பக்கத்தை நான் திறக்கவே இல்லையே! மாமா, லிஃப்ட் ஓட்டற மூளைய வெச்சு ஆர்கனை ஏத்திட்டீங்களே!"

"நான் எங்க ஏத்தினேன்? உங்க அக்கா எடுக்கச் சொன்னா, எடுத்தேன்."

ஒரே ஒரு குறை. பாடலின் முடிவில் முதல் ட்ரிப்பும் இரண்டாவது ட்ரிப்பும் ஒன்றுசேர வேண்டும். புல்லாங்குழல் பாடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் டிரம்பெட்டும் பதினாறடியும் வந்து ஏற வேண்டும். அது மட்டும் பெரியவரால் ஆகாது.

"சேர்த்துக் கேட்டா எப்படி இருக்கும்?" என்று மெக்கானிக் கேட்டார்.

"அங்க போய்க் கேட்டுக்கறேன்."

தேர்வில் குமிழ்களை இழுத்துத் தள்ள ஓர் ஆளைக் கூட அழைத்து வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். அவள் கணவரையே அழைத்துக்கொண்டாள். முன்னெச்சரிக்கையாக, எடு என்ற சொல்லை இருவரும் வீட்டில் தடை செய்திருந்தார்கள். இழுக்க வேண்டுமென்றால் "திற", தள்ள வேண்டுமென்றால் "மூடு". லிஃப்ட் கதவு பாஷை. இதில் மெக்கானிக் தவறவே முடியாது.

மண்டபத்தில் வார்னிஷ் வாசனையும் குளிர்ச்சியும் இருந்தன. நடு வரிசையில் தடித்த கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஆர்கனைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அவர்தான். முன்னால் வாசித்த இளைஞர் ஒருவர் விரலில் மின்னல் வைத்திருந்தார். ஆனால் அவர் வாசித்ததெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கூரைக்குக் கீழே புகைபோல் மண்டியது. மனைவி சொன்ன கூழ் அதுதான் என்று மெக்கானிக்குக்குப் புரிந்தது.

அவள் உட்கார்ந்தாள். கட்டைகளை ஒரு முறை தடவிப் பார்த்தாள், நரம்பு தேடுவதுபோல். "திறங்க" என்று மெதுவாகச் சொல்லிப் பெயர்களைச் சொன்னாள். மெக்கானிக் குமிழ்களை இழுத்தார். நிஜக் குமிழ், கையில் கனமாக, வழுவழுப்பாக வந்தது.

முதல் பகுதி காலை ட்ரிப் போலவே போனது. ஒரு சத்தம் போட்டு, அது போய்த் திரும்பி வந்து உட்காரும்வரை காத்திருந்து, அடுத்ததைப் போட்டாள். அந்த மண்டபத்தில் பல வருஷம் வாசித்தவள்போல், அவசரமே இல்லாமல். பின்னால் யாரோ இருமிக்கொண்டிருந்தவர் இருமலை நிறுத்திவிட்டார். அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

கடைசிப் பகுதி வந்தது. மெக்கானிக் கட்டளைக்காகக் காத்திருந்தார். அவள் இரண்டு கையும் இரண்டு காலும் வேலையில் இருக்க, நெற்றியில் வியர்வை துளிர்க்க, வாய் பழைய பழக்கத்துக்கே போய்விட்டது.

"எடுங்க!"

மெக்கானிக்கின் கை நடுவில் நின்றது. எடு என்றால் எது? வீட்டில் கடைசிப் பகுதி என்றாலே முதலில் புல்லாங்குழல்களை இறக்குவார். கை அந்தப் பழக்கத்தில் புல்லாங்குழல் குமிழ் பக்கமே போயிருந்தது. தள்ளினால் எல்லாம் போச்சு. கேட்கவும் நேரம் இல்லை. அப்போது அவர் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, பாட்டைக் கேட்டார். அவள் இடது கை புல்லாங்குழலை விடவில்லை. ஒரே இடத்தில் அதைச் சுற்றிச் சுற்றி நிறுத்தி வைத்திருந்தது, வாசலில் நின்று யாரையோ எதிர்பார்ப்பதுபோல். போகப்போகிறவர்கள் இப்படி நிற்க மாட்டார்கள். வரப்போகிறவர்களுக்காகத்தான் இப்படி நிற்பார்கள்.

புல்லாங்குழல் குமிழிலிருந்து கையை எடுத்தார். டிரம்பெட்டையும் பதினாறடியையும் பற்றி, ஒரே இழுப்பாக இழுத்தார்.

அவள் கால் ஒரு மயிரிழை முன்னால் போனது. பதினாறடியும் டிரம்பெட்டும் ஒரே கணத்தில் வாயைத் திறந்தன. அவற்றுக்கு மேலே, கரையாமல், பயப்படாமல், புல்லாங்குழல் பாடியது. பெரியவர் இரண்டு தவணையாகக் கொடுத்ததெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அந்தக் கூரையை நிறைத்தது. மெக்கானிக் காலடியில் தரை அதிர்வதை உணர்ந்தார். அவளைப் பார்த்தார். அவளும் அதை முதல் முறையாகக் கேட்கிறாள், கேட்டுக்கொண்டே வாசிக்கிறாள். நல்ல சேதி சொல்லிக்கொண்டிருந்தவர் முழுச் சேதியையும் சொல்லிவிட்டதுபோல் இருந்தது அவள் முகம்.

கைகளைத் தூக்கினாள். சத்தம் நடந்துபோய், சுவரைத் தொட்டு, திரும்பி வந்து, உட்கார்ந்தது. அது உட்காரும்வரை யாரும் அசையவில்லை.

அம்மாள் எழுந்து மேடைக்கு வந்தார். "இந்த மண்டபத்துல இதுக்கு முன்னாடி வாசிச்சிருக்கீங்களா?"

"இல்லம்மா. இன்னிக்குத்தான் தொடறேன்."

"அப்ப யார்கிட்ட பழகினீங்க?"

மனைவிக்கு இன்னும் மூச்சு திரும்பவில்லை. "வீட்டுல... பெரியவர்கிட்ட" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"பெரியவரா? யார் அவர்? ஆர்கன்காரங்க எல்லாரையும் எனக்குத் தெரியுமே."

மெக்கானிக் முந்திக்கொண்டார். "ரொம்ப வயசானவர் மேடம். மொத்தமாச் சொல்லித்தரத் தெம்பு கிடையாது. காலையில கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம்."

"அவரை ஒருநாள் கட்டாயம் அழைச்சிட்டு வாங்க."

"வரமாட்டார் மேடம். பிளக்கைப் பிடுங்கினா மயக்கம் போட்டுடுவார்."

அம்மாளுக்கு விஷயம் புரிய ஒரு நொடி ஆனது. பிறகு அந்த மண்டபத்துக்கே எதிரொலி வைத்ததுபோல் சிரித்தார். "முறைப்படி கடிதம் அப்புறம் வரும்" என்றார் மனைவியிடம். "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்து ஆர்கன் சாவியை வாங்கிக்குங்க."

வெளியே படிகளில் மச்சினன் நின்றுகொண்டிருந்தான். அக்காள் முகத்தைப் பார்த்ததும், "பெரியவர் பாஸா?" என்றுதான் கேட்டான், டப்பா என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. மனைவி தலையை ஆட்டிவிட்டு, இரண்டு படி இறங்கி, நின்று, கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் தப்பான வார்த்தையைச் சொல்லிட்டேன். சொன்ன பிறகுதான் தெரிஞ்சுது. உயிரே போயிடுச்சு. இழுக்கணும்னு எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"நீ புல்லாங்குழலை விடலையே" என்றார் மெக்கானிக்.

அவர் சட்டைக் கையில் ஒட்டியிருந்த குமிழின் வார்னிஷ் தூளை, வலிக்காமல் ரத்தம் எடுக்கும் அந்தக் கையால் அவள் தட்டிவிட்டாள்.